பச்சைப்பயறும் சுண்ணாம்பு நீரும்

பயற்றை முளைக்க வைத்து உண்ணும் வழக்கமுள்ள இல்லங்களிலே ஆச்சிமார் செய்யும் காரியமொன்றை நம்மிற் பலர் சிறுவயதிலே பார்த்திருப்போம். இரவு முழுவதும் நீரில் ஊறிய பச்சைப்பயற்றை வடித்து, ஈரத்துணியில் முடிந்து, சட்டியொன்றில் இட்டு மூடிவிடுவார்கள். மறுநாள் முடிச்சை அவிழ்த்து, முளைவிட்ட பயற்றின் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தட்டும். அடுப்பை அணுகாது, ஈரத்திலே கிடந்த பொருளுக்கு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

பயறு சுவாசித்தது, அதனால் வந்தது. வித்தினுள்ளே தாய்ச்செடி சேமித்து வைத்த மாப்பொருள் வெல்லமாக மாறுகின்றது. அவ்வெல்லம் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் பிரிகின்றது. விறகு எரியும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. ஆயினும் விறகில் ஒரே மூச்சிற் பாய்ந்து வெளிப்படும் சத்தி, உயிருள்ள கலத்தினுள்ளே படிப்படியாக, நொதியங்களின் கண்காணிப்பிலே விடுவிக்கப்படுகின்றது. அதில் ஒரு பங்கை ஏ.ரி.பி. என்னும் பொருளாகக் கலம் பிடித்து வைத்து, முளையை நீட்டவும் வேரை ஊன்றவும் செலவிடுகின்றது. பிடிபடாது தப்பிய மிகுதியே நம் விரலிற் சூடாகத் தட்டியது.

இதனை ஏன் இவ்வளவு விரிவாகக் கூறுகின்றோம் எனில், மாணவர்களின் விடைத்தாள்களிலே ஆண்டுதோறும் தவறாது தலைகாட்டும் வாசகம் ஒன்றுண்டு. “விலங்குகள் ஒட்சிசனைச் சுவாசிக்கின்றன, தாவரங்கள் காபனீரொட்சைட்டைச் சுவாசிக்கின்றன” என்பதே அது. சற்று விவரமறிந்தவர்கள், “தாவரங்கள் பகலிற் காபனீரொட்சைட்டையும் இரவில் ஒட்சிசனையும் சுவாசிக்கின்றன” என்று எழுதுவார்கள். இரண்டுமே பிழை. தாவரம் நம்மைப் போலவே இரவு பகல் என்னும் வேறுபாடின்றி ஒட்சிசனை எடுத்துச் சுவாசிக்கின்றது. அதற்கு மேலாக, ஒளி உள்ளபோது அதன் பச்சை நிறப் பகுதிகள் காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு உணவு ஆக்குகின்றன. முன்னையது சுவாசம், பின்னையது ஒளித்தொகுப்பு. ஒன்று வீட்டின் செலவு, மற்றையது வீட்டின் வரவு. வரவு வரும் பகற்பொழுதிற் செலவு நின்றுவிடுவதில்லை.

இதை வாயாற் சொல்வது எளிது. வகுப்பறையிற் காட்டுவதே அரிது. அந்த அருமையை நாம் ஆசிரியராயிருந்த காலத்தில் ஒரு மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

அன்று செய்த பரிசோதனை எல்லாப் பாடசாலைகளிலும் நடப்பதுதான். தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்க்குகள் இரண்டு. ஒன்றினுள்ளே முளைக்கும் பயறு. மற்றொன்றினுள்ளே அவித்து ஆறவைத்த பயறு. ஒவ்வொன்றிலும் வெப்பமானி ஒன்றைச் செருகி, வாயைப் பஞ்சினால் அடைத்து, நாடோறும் காலையில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவித்த பயறு எதற்கு என்று கேட்பீர்கள். முதலாவது பிளாஸ்க்கிற் சூடு ஏறியமைக்குக் காரணம் உயிர்தான் என்று சொல்லவேண்டுமாயின், உயிர் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒத்திருக்கும் இன்னொன்றை அருகில் வைத்தல் வேண்டும். இதற்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று பெயர். பாடநூலின்படி முதலாவதில் வெப்பநிலை ஏறும். இரண்டாவதில் மாற்றம் இராது.

நான்காம் நாள் கொப்பிகள் மேசைக்கு வந்தன. முப்பதுக்கு மேற்பட்ட கொப்பிகளில் “அவித்த பயற்றில் வெப்பநிலை மாறவில்லை” என்று எழுதியிருந்தது. ஒரு கொப்பியில் மாத்திரம், முதலிரு நாளும் மாற்றமில்லை என்றும், மூன்றாம் நாள் இரண்டு பாகையும் நான்காம் நாள் நான்கு பாகையும் கூடியது என்றும் எழுதப்பட்டிருந்தது. நாம் அதைச் சிவப்பு மையினாற் கீறி, “கவனக்குறைவு” என்று ஓரத்திற் குறித்தோம். கொப்பியைப் பெற்றுக்கொண்ட அந்தப் பையன் சிறிது நேரம் நின்றான்.

“சேர், நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.”

“மற்றவர்கள் எல்லாரும் பார்க்கவில்லையா, தம்பி?”

அவன் பதில் கூறாது போய்விட்டான். மாலையில் ஆய்வுகூடத்தைப் பூட்டச் சென்றபோது, ஏதோ உறுத்த, அந்தப் பிளாஸ்க்கின் பஞ்சை எடுத்துப் பார்த்தோம். புளித்த நாற்றம் முகத்திலடித்தது. அவித்த பயற்றின்மேல் வெண்ணிறப் பூஞ்சணம் பஞ்சு போற் படர்ந்திருந்தது. வெப்பமானி பையன் எழுதிய பாகையிலேதான் நின்றது.

பயறு செத்திருந்தது உண்மை. அதன்மேல் வளர்ந்த பூஞ்சணமும் பற்றீரியாவும் உயிரோடிருந்தன. அவையும் சுவாசித்தன, அவற்றின் சூடே வெப்பமானியில் ஏறிற்று. அவித்த பயற்றைக் கிருமிநாசினியில் அலசியிட்டிருந்தால் இது நேர்ந்திராது. அதைச் செய்ய மறந்தவர் ஆசிரியர். அந்த வாரம் சுவாசத்தைச் சரியாகக் கண்டவன் ஒருவனே; அவனுக்கே சிவப்புக் கீறல் கிடைத்தது. மற்ற முப்பதின்மரும் வெப்பமானியைப் பார்க்கவேயில்லை, பாடநூலைப் பார்த்தார்கள். மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம் என்று எழுத விரும்புகின்றோம். உண்மையில், கொப்பியை வாங்கி “சரி” என்று இட்டுக் கொடுத்ததோடு நின்றுவிட்டோம். அது இன்றும் நமக்கு உறுத்தலாகவே இருக்கின்றது.

அறிவியலின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இங்கிலாந்திலே ஜோசப் பிரீஸ்ற்லி என்பவர் 1771ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 17ஆந் திகதி, மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றினுள்ளே புதினாச் செடித் துண்டொன்றை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுதிரி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்துகின்றது என்று உலகம் வியந்தது. ஆனால் சுவீடன் தேசத்து ஷீலே என்னும் இரசாயன அறிஞர் முளைக்கும் வித்துக்களைக் கொண்டு பார்த்தபோது, காற்று திருந்தாமல் மேலும் கெட்டது. பிரீஸ்ற்லியே சில ஆண்டுகளின் பின் மீண்டும் செய்து பார்த்தபோது ஒருமுறை சரிவந்தது, ஒருமுறை பிழைத்தது.

இருவரிற் பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. ஷீலே கண்டது சுவாசம். பிரீஸ்ற்லி கண்டது ஒளித்தொகுப்பு. ஒளி போதாத வேளைகளில் அவரும் சுவாசத்தையே கண்டார். 1779ஆம் ஆண்டுக் கோடையிலே ஜான் இங்கன்ஹவுஸ் என்னும் ஒல்லாந்த நாட்டு வைத்தியர் இலண்டனுக்கு அணித்தான வீடொன்றில் இருந்துகொண்டு மூன்று மாதத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தார். காற்றைத் திருத்துவது செடியின் பச்சைப் பகுதிகளே என்பதும், அவையும் ஒளியில் மாத்திரமே அதைச் செய்கின்றன என்பதும், இருளிற் செடி முழுவதும் காற்றைக் கெடுக்கின்றது என்பதும் அப்பொழுதுதான் தெளிவாயின. பிழைத்த பரிசோதனைகளை மறைத்து, சரிவந்தவற்றை மாத்திரம் பிரீஸ்ற்லி எழுதியிருந்தால் இங்கன்ஹவுசுக்குத் தேடுவதற்கு என்ன இருந்திருக்கும்?

இனி, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வோம். வெற்றிலைக்குப் பூசும் வெள்ளைச் சுண்ணாம்பிற் சிறிதளவை ஒரு போத்தல் நீரிற் கலக்கி, ஓரிரவு அசையாது வைத்தால், அடியில் மண்டி தங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை மெல்ல வடித்தெடுத்தாற் சுண்ணாம்பு நீர் ஆயத்தம். காபனீரொட்சைட்டுப் பட்டவுடன் இது பால் போலக் கலங்கும். குழாயொன்றினால் இதனுள் ஊதிப் பார்க்கலாம். உறிஞ்சுதல் கூடாது, வாய் வெந்துபோகும். அகன்ற வாய்ப் போத்தலொன்றில் முளைப்பயற்றை இட்டு, அதன்மேல் ஒரு சிறு கிண்ணத்திற் சுண்ணாம்பு நீரை வைத்து, மூடியை இறுக்கிவிடுக. மறுநாள் நீரின்மேல் வெண்ணிற ஆடை படிந்திருக்கும். பயறில்லாத வெறும் போத்தலொன்றையும் அவ்வாறே வைக்க மறவாதீர்கள். அதிலும் மெல்லிய ஆடை காணப்படக்கூடும். காற்றிலேயே சிறிது காபனீரொட்சைட்டு உண்டல்லவா! இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் எழுதவேண்டும்.

செலவைப் பார்த்தோம்; வரவுக்கு வருவோம். இலை மாப்பொருள் ஆக்குகின்றது என்பதைக் காட்ட அயடீன் போதும். 1860ஆம் ஆண்டுகளிலே ஜேர்மனியில் யூலியஸ் சக்ஸ் என்பவர் காட்டிய வழியையே நமது பாடசாலைகள் இன்றும் பின்பற்றுகின்றன. சாடியில் வளரும் செவ்வரத்தைக் கன்றொன்றை இரண்டு நாள் இருட்டில் வைத்தால், இலையிற் சேர்ந்திருந்த மாப்பொருள் கரைந்து போய்விடும். பின்னர் இலையொன்றின் நடுவிலே இருபுறமும் கருந்தாளைப் பொருத்தி, நாள் முழுவதும் வெயிலில் வைத்து, மாலையிற் பறித்து, கொதிநீரில் அமிழ்த்தி, மதுசாரத்திற் பச்சையம் நீங்கும்வரை சூடாக்க வேண்டும். மதுசாரக் குழாயைச் சுடுநீரினுள் நிறுத்திச் சூடாக்குக. நெருப்பின்மேல் நேரே பிடித்தல் ஆகாது, அது குப்பென்று தீப்பற்றும். ஆசிரியர் அருகில் இல்லாமல் இதனைச் செய்யவே வேண்டாம். வெளுத்த இலையை நீரில் அலசி, அயடீனை ஊற்றினால், வெயில் பட்ட பகுதி கருநீலமாகவும், தாள் மறைத்த பகுதி அயடீனின் மஞ்சட் கபிலமாகவும் நிற்கும்.

இங்கே கூர்மையான மாணவி ஒருத்தி கேட்டாள்: “தாள் மறைத்தது ஒளியை மட்டுமா, சேர்? காற்றையும் மறைத்திருக்கும்தானே?” நல்ல கேள்வி. அதற்கு விடை வாயில் இல்லை; இன்னொரு இலையில் இருக்கின்றது. அதே அளவான, ஒளி ஊடுருவும் கண்ணாடித் தாளை அதே வண்ணம் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அங்கே நீலம் தோன்றினாற் குற்றவாளி காற்றல்ல.

இன்னொரு முறை, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து இலை கொண்டுவருமாறு கூறியிருந்தோம். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையொருவன் வெங்காயத் தாளைக் கொண்டுவந்தான். யாழ்ப்பாணத்திலே அது எளிதிற் கிடைப்பதுதானே! நண்பகல் வெயிலில் நின்ற தாள். அயடீனை எத்தனை துளி இட்டும் நீலம் எட்டிப் பார்க்கவில்லை. வகுப்புச் சிரித்தது. வெங்காயம் ஒளித்தொகுப்புச் செய்யாமலா கிழங்கு வைக்கின்றது? செய்கின்றது; ஆயினும் அதன் இலை, ஆக்கிய வெல்லத்தை மாப்பொருளாக மாற்றிச் சேமிப்பதில்லை, வெல்லமாகவே வைத்திருக்கின்றது. தாளை இடித்துச் சாறெடுத்துப் பெனடிக்றின் கரைசலுடன் சூடாக்கியபோது செங்கல் நிறம் தோன்றிற்று. அயடீன் காட்டுவது மாப்பொருளையே அன்றி ஒளித்தொகுப்பை அன்று என்பதை, எந்தச் செவ்வரத்தை இலையும் இத்துணைத் தெளிவாகக் கற்பித்திராது.

ஐதரில்லாப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளங்களில் வளரும் இந்த நீர்ச்செடியை முகவை நீரில் அமிழ்த்திப் புனலாற் கவிழ்த்து, புனலின்மேல் நீர் நிறைந்த பரிசோதனைக்குழாயை நிறுத்தி, வெயிலில் வைத்தால், முத்து முத்தாகக் குமிழிகள் எழும். கொதிக்கவைத்து ஆறிய நீரானால் அதிற் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறியிருக்கும், குமிழி எழாது. ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைக் கரைத்தாற் குறை தீரும். சேர்ந்த வாயுவிலே தணற் குச்சியைக் காட்டினால் அது சுடர்விட்டு எரியும் என்று நூல்கள் கூறுகின்றன. எத்தனையோ வகுப்புகளில் அது எரிவதில்லை. காரணம், நீரிற் கரைந்திருந்த நைதரசனும் குமிழியோடு கூடி ஏறுவதனால் வாயு தூய ஒட்சிசனாக இராது. எரியாவிட்டால் எரியவில்லை என்றே எழுதுக. அந்த ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகின்றது என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். 1941இல் அமெரிக்காவிலே ரூபன், கேமன் முதலானோர் பாரமான ஒட்சிசனை அடையாளமாக இட்டுச் செய்த பரிசோதனை, அது நீரிலிருந்து பிரிவதைக் காட்டிற்று.

இப்பொழுது, முதலிற் சொன்ன வழக்குக்குத் திரும்புவோம். இலை பகலிலும் சுவாசிக்கின்றது என்றோமே, அதை எவ்வாறு காண்பது? பகலில் வெளிவரும் காபனீரொட்சைட்டை அதே இலை உடனே எடுத்து உணவாக்கிவிடுகின்றது. வெளியே நிற்கும் நமக்குச் செலவு தெரியாமல் வரவே தெரிகின்றது. இதற்கு நாம் கண்டவற்றுட் சிறந்தது இருகாபனேற்றுக் காட்டியைக் கொண்டு செய்யும் பரிசோதனையாகும். சாதாரண காற்றோடு சமநிலையில் இருக்கும்போது இக்கரைசல் செம்மஞ்சள் கலந்த சிவப்பாக இருக்கும். காபனீரொட்சைட்டுக் கூடினால் மஞ்சளாகும், குறைந்தால் ஊதாவாகும். நான்கு குழாய்களிலே சிறிதளவு காட்டியை ஊற்றி, மூன்றில் அதனைத் தொடாதவாறு இலைகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். நான்காவதில் இலை இல்லை. இலையுள்ள குழாய்களில் ஒன்றைக் கருந்தாளாற் சுற்றுக. ஒன்றை மெல்லிய துணியாற் சுற்றுக. ஒன்றை வெறுமனே விடுக. ஓரிரு மணித்தியாலம் வெளிச்சத்தில் வைத்தபின் பார்த்தால், வெறுங்குழாய் ஊதா. கருந்தாட் குழாய் மஞ்சள். துணி சுற்றியது, துணியின் அடர்த்தி வாய்த்துவிட்டால், நிறம் மாறாது சிவப்பாகவே நிற்கும்.

அந்த மூன்றாவது குழாயை மாணவர்கள் உற்று நோக்கவேண்டும். ஒன்றும் நிகழவில்லை என்று தோன்றும். ஆனால் அதே இலை இருட்டிற் சுவாசிப்பதை மஞ்சட் குழாயிலும், வெளிச்சத்தில் உணவாக்குவதை ஊதாக் குழாயிலும் கண்டோம். துணி மறைவில் இரண்டும் சமமாக நிகழ்கின்றன. இழைமணி விடுவதைப் பச்சையவுருமணி வாங்கிக்கொள்கின்றது. வைகறையிலும் அந்திப்பொழுதிலும் வளவிலுள்ள ஒவ்வோர் இலையும் இந்த நிலையைக் கடந்தே செல்கின்றது. துணியை ஒருமடிப்பு, இருமடிப்பு என்று மாற்றிச் சரியான அடர்த்தியைக் கண்டுபிடிக்க எமது வகுப்புக்கு மூன்று வாரம் பிடித்தது. பாடத்திட்டம் பின்தங்கியது என்று நாம் கடிந்துகொள்ளப்பட்டதும் உண்டு.

இரவில் மரத்தடியிற் படுத்தால் மரம் விடும் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு சொல். மரம் இரவிற் காபனீரொட்சைட்டை விடுவது மெய்தான். திறந்த வெளியிலே காற்று ஓயாது அசைந்து அதைக் கலைத்துவிடுகின்றது. மூடிய படுக்கையறையினுள்ளும், சாடிச் செடியொன்று இரவில் விடுவதைக் காட்டிலும் அருகிற் படுத்துறங்கும் தம்பி விடுவது மிக அதிகம். அவனை யாரும் வெளியே தூக்கி வைப்பதில்லை. புளியமரத்துப் பேயைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல எதுவுமில்லை.

போத்தலினுள் நிகழ்வதே உலகளாவியும் நிகழ்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறவேண்டும். ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையிலே சாள்ஸ் டேவிட் கீலிங் என்பவர் 1958ஆம் ஆண்டு தொடக்கம் காற்றின் காபனீரொட்சைட்டை அளந்து வந்தார். ஆண்டுதோறும் மே மாதமளவில் அது உச்சத்தை அடைந்து, செத்தெம்பர், ஒற்றோபர் வரையிற் தாழ்ந்து, மீண்டும் ஏறுவதை அவர் கண்டார். பூமியின் நிலப்பரப்பிற் பெரும்பகுதி வடபாதியில் இருக்கின்றது. அங்கே கோடையிற் காடுகள் தளிர்த்து நிற்கும்போது வரவு மிஞ்சுகின்றது. இலையுதிர்ந்த குளிர்காலத்திற் சுவாசமும் உக்கலும் மிஞ்சுகின்றன. எமது ஊதாக் குழாயும் மஞ்சட் குழாயும் அங்கே ஆறு மாதத்துக்கொருமுறை மாறி மாறித் தோன்றுகின்றன. ஆனால் உச்சமும் தாழ்வும் ஒவ்வோராண்டும் முன்னைய ஆண்டிலும் மேலே நிற்கின்றன. 1958இல் காற்றின் பத்திலட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் சேர்க்கும் இந்த மிகுதியை எல்லா இலைகளும் கடல்களும் கூடியும் முழுவதுமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

விடுமுறையில் இவற்றைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் பயற்றிலிருந்து தொடங்கலாம். அவித்த பயற்றைக் கிணற்றுக்கு இடும் குளோரீன் தூள் சிறிது கரைத்த நீரில் அலசி எடுத்தாற் பூஞ்சணம் விரைவிற் பிடிக்காது. முளைக்கும் பயற்றையும் மெல்லிய கரைசலில் ஒருமுறை அலசி, நல்ல நீரிற் கழுவிக்கொள்ளலாம். வெப்பநிலையைக் காலை மாலை இருவேளையும், பார்த்தவுடனே, பென்சிலால் எழுதிக்கொள்க. முளைப்பயற்றின் ஒரு பகுதியை நன்றாக உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், ஊறப்போடுமுன் இருந்த நிறையிலும் குறைந்திருக்கும்; நீர் குடித்துப் பருத்த பயறு உண்மையில் மெலிந்திருக்கின்றது என்பதை வீட்டிலுள்ளோர் நம்பமாட்டார்கள், தராசைக் காட்டுக. பரிசோதனை முடிந்தபின், குளோரீன் நீரில் அலசிய பயற்றை மாத்திரம் ஆச்சியின் சமையலறைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.